இதக் கொஞ்சம் புடி

அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. நாலைந்து வருடம் வாராவாரம் பார்த்த மனுஷியின் பெயர்கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். என் மனைவியும் அப்படித்தான் கேட்டாள். தெரியாது. எங்கள் கூட்டத்தின் வழக்கம் அது. குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம். கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடி. அங்கே எல்லாரும் அண்ணே, அக்கா, தம்பி, தங்கச்சி. பெயர், வேலை, சம்பளம், சாதி எல்லாம் செருப்போடு கீழே கிடக்கும்.

மேலே பேசியதை வெளியே பேசக்கூடாது என்று இன்னொரு சட்டமும் உண்டு. அதனால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. படியில் வைத்துச் சொன்னதை எழுதுவேன். படிக்குச் சட்டம் கிடையாது. நல்லவேளையாக அக்கா பாதிப் பேச்சைப் படியில்தான் பேசுவார்.

நான் கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்துக்காரன். ஒரு ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஒரு நாள் குடித்துவிட்டு ஓட்டி, அடுக்கி வைத்திருந்த பெயிண்ட் டின்களை மொத்தமாகச் சரித்துவிட்டேன். அடியில் ஆள் யாரும் இல்லாதது என் பெண்டாட்டி செய்த புண்ணியம். அன்றைக்கு அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. கிளினிக்கில் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து, "நம்ம பக்கமும் ஒரு கூட்டம் இருக்காம், தீவுலயும் ஒண்ணு இருக்காம். எதுக்காவது போங்க. போகலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவ திரும்ப வரமாட்டேன்" என்றாள். நான் தீவைத் தேர்ந்தெடுத்தேன். இந்தப் பக்கக் கூட்டத்துக்குப் போனால் தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானே! கடலைத் தாண்டிவிட்டால் மானம் தப்பித்துவிடும் என்று ஒரு நினைப்பு.

அதே நினைப்பு எல்லாருக்கும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டர்வொர்த் பக்கத்துக் குடிகாரர்கள் தீவுக்கு வருகிறோம், தீவுக் குடிகாரர்கள் பட்டர்வொர்த்துக்குப் போகிறார்கள். ஃபெரித் துறையில் எதிரும் புதிருமாகக் கடந்துபோவோம். கேட்டால் சிரிப்பீர்கள். அதிலும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வெளியே கண்டால் முகம் கொடுக்கக்கூடாது. கூட வீட்டு ஆட்கள் இருப்பார்கள், 'யார் இவரு' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆகவே ஒன்றாக அழுது, ஒன்றாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்குகிற நாங்கள், அதே ஃபெரியில் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வருவோம். அக்கா முன்வரிசையில் இருப்பார். குட்டையான, கனத்த உடம்பு. பஞ்சாபி சூட், வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து, மடியில் ஒரு பழுப்பு நிறக் கைப்பை. அக்கரையில் இறங்கியதும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் பஸ் ஏறினாரா, ரயில் ஏறினாரா, யாராவது கெரெத்தா ஓட்டிவந்து கூட்டிப்போனார்களா, எதையும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. அது மரியாதை என்று நினைத்திருந்தேன்.

முதல் நாள் நானாகப் படியேறவில்லை. எதிரே இருந்த மாமாக் கடையில், பாய் ஒருவர் நடத்துகிற தேக்கடையில், உட்கார்ந்து ஒரு தே வாங்கி வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணெல்லாம் மாடி ஜன்னலில். இன்னும் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, 'போனேன், கதவு சாத்தியிருந்துச்சு' என்று மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று பொய்யைக்கூடத் தயார் செய்துவிட்டேன். அப்போதுதான் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, கை சும்மாதானே இருக்கு?"

"என்னங்கக்கா?"

"இந்த ஃபிளாஸ்க்க கொஞ்சம் புடி. எனக்கு முட்டி வலி. மேல வச்சுட்டு நீ பாட்டுக்கு வந்துரு lah."

இந்த 'lah'வை அக்கா சொல்லும்போது கேட்க வேண்டும். கெஞ்சுகிறாரா, அதட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. கடைக்கார பாய் பெரிய ஃபிளாஸ்க்கில் தே ஊற்றித் தயாராக வைத்திருந்தார். பச்சைப்பிள்ளை கனம். அந்தப் பழைய கடைவீட்டுப் படியோ செங்குத்து. மூச்சு வாங்க ஏறி மேலே கொண்டுபோய் வைத்தால், யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், இன்னொருவர் கையில் பிஸ்கட்டைக் கொடுத்தார். அதற்கப்புறம் எங்கே இறங்குவது? பின்னாலேயே அக்கா, முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ, விறுவிறுவென்று ஏறி வந்தார்.

அவருடைய வேலையே அதுதான் என்று போகப்போகத் தெரிந்தது. ஃபிளாஸ்க்கை ஒரு நாளும் அவர் தூக்கியதில்லை. புதிதாக வருகிறவன் கீழே எங்கேயாவது தயங்கிக்கொண்டு நிற்பான், அவன்தான் தூக்க வேண்டும். எப்படி அக்கா ஆளைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று படியில் வைத்துக் கேட்டேன்.

"குடிக்க வந்தவன் தேயக் குடிப்பான். இங்க வர்றவன் கலக்கிக்கிட்டே இருப்பான். அம்புட்டுதான்."

"நேராவே, கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிடலாமில்ல?"

"கூப்பிட்டா நீ வந்திருப்பியா? ஓடிருப்ப. ஒன்ன மாதிரி ஆளுக்கெல்லாம் புத்தி சொல்றதுக்கு வரிசையில நிக்கிறாங்க தம்பி. ஒதவி கேக்கத்தான் ஒருத்தரும் இல்ல."

உண்மைதான். அந்த நாளில் என்னிடம் யாரும் எதையும் தூக்கக் கொடுக்க மாட்டார்கள். அண்ணன் வீட்டுக்குப் போனால் குழந்தையைக் கையில் தர மாட்டார்கள். அப்படி இருந்தவனிடம் ஒரு பொம்பளை, முகம் தெரியாதவர், கொதிக்கிற தேயை நம்பிக் கொடுத்தார். நான் மேலே போனது அதற்காகத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு தடவை அக்காவுக்கு ஆள் மாறிப்போனது. தீபாவளிக்கு முந்திய வாரம், பக்கத்துச் சேலைக்கடைக்குள் போன மனைவிக்காக ஒரு பெரியவர் தேயைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஃபிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டார். அவரும் பாவம், மேலே வந்து உட்கார்ந்து, ஏதோ தேவாரக் கூட்டம் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தபோது எல்லாரும் அவரைப் பார்த்தோம். எழுந்து நின்றார். அவர் என்ன பேசினார் என்று சொல்லமாட்டேன், சட்டம் இருக்கிறது. ஆனால் பேசிவிட்டு வெகுநேரம் உட்காராமலே நின்றார் என்பதைச் சொல்லலாம். கீழே அவர் மனைவி தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்த சத்தம் மேலே கேட்டது. எல்லாம் முடிந்து நாங்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டோம். "என்னக்கா, குடிக்காதவரக் கொண்டாந்து உக்கார வச்சிட்டீங்க!" அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "அதனால என்ன? ஃபிளாஸ்க்கு மேல வந்துச்சுல்ல?" என்றார்.

எனக்குக் கொடுத்தது ஃபிளாஸ்க் மட்டுமில்லை. சேர்ந்து சில மாதம் கழித்து நான் சறுக்கினேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சம்சுச் சாராயம் குடிக்கக் காரணமா வேண்டும்? குடித்த வாயோடு, ஏன் என்றே தெரியாமல் ஃபெரி ஏறி வந்து பாத்திரக்கடைப் படியில் பாதிவரை ஏறிவிட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பி இறங்கினால் நேரே எங்கே போவேன் என்று எனக்கும் தெரியும். சம்சுக்கடை இரண்டு தெரு தள்ளித்தான். அக்கா கீழிருந்து வந்தார். வாசனை தெரியாமல் இருக்குமா? தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"இதக் கொஞ்சம் புடி. மேல நாக்காலி போட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன்."

போனவர் வரவே இல்லை. மேலே கூட்டம் தொடங்கியது, ஒவ்வொருவராகப் பேசுவது கேட்டது. நான் படியில் ஒரு பொம்பளைக் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் வாங்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். இறங்கிப் போகலாமென்றால் பையை என்ன செய்வது? படியில் வைத்துவிட்டுப் போனால் எவனாவது எடுத்துக்கொள்வான். கையோடு கொண்டுபோனால் நான் திருடன். என் வீட்டில் மனைவி தன் பர்ஸை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைக்கிற காலம் அது. கூட்டம் முடிந்து வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஏங்க்கா, நான் பையத் தூக்கிட்டு ஓடியிருந்தா?"

"பைய வச்சுக்கிட்டு எங்கடா ஓடுவ?" என்று சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். அவர் பாட்டுக்குப் படியில் நின்று குடையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

தைப்பூசத்தைச் சொல்லாமல் அக்காவைச் சொல்லி முடியாது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தைப்பூசத்துக்கு விரதம் என்றால் வாரக்கணக்கில் ஒரு சொட்டுத் தொடமாட்டோம். காவடி எடுத்து, தண்ணீர்மலை ஏறி இறங்கி, அலகைக் கழற்றின அன்றைக்கே கூட்டாளிகள் பாட்டிலோடு காத்திருப்பார்கள். நானும் வருடாவருடம் அப்படித்தான். இதில் பெருமை வேறு. 'விரதத்துல நிறுத்தினேன் பாத்தியா, நெனச்சா என்னால நிறுத்த முடியும்' என்று அக்காவிடமே சொன்னேன்.

"முருகன்கிட்ட லீவு கேட்டுட்டுத்தான் மறுபடி தொறக்குறியா?" என்றார். "விரதத்துல ஒனக்கு ஒரு பயமும் இல்ல தம்பி. அவரு பாத்துக்குவாரு. காவடிய எறக்குனதும் கை சும்மா ஆகுது பாரு, அங்கதான் ஒனக்குக் கண்டம்."

அதற்காகவே தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் எங்களுக்கென்று ஒரு ஓரம் பிடித்து வைத்திருந்தார். காவடி இறக்கினதும் மஞ்சள் வேட்டியோடு நேராக அங்கே வந்துவிட வேண்டும். வந்ததும் ஐஸ் கட்டி தூக்கச் சொல்வார், மோர்ப்பானை தூக்கச் சொல்வார். சத்தமாகப் பாட்டு, வெயில், முட்டி மோதுகிற சனம். முதுகெல்லாம் எரிய எரிய நான் ஐஸ் சுமந்தேன். கூட்டாளிகள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஈரக்கையோடு எப்படி எடுப்பது? அந்த வருடம்தான் நான் தைப்பூசத்தன்று குடிக்காமல் வீட்டுக்குப் போனேன். மனைவி கதவைத் திறந்ததும் என் வாயை மோந்து பார்த்தாள். பிறகு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பந்தலில் அக்கா எல்லா வேலையும் செய்வார். ரோஸ் சிரப் ஊற்றுகிற பக்கம் மட்டும் போகமாட்டார். காரணத்தைப் படியில்தான் சொன்னார். அவர் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவர். சம்சுவைச் சிரப்பில் கலந்து பாட்டிலில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் குடித்தாராம். "அக்காவுக்கு சிரப்புன்னா அவ்வளவு உசுருன்னு டீச்சருங்க எல்லாம் சிரிப்பாங்க. பொறந்தநாளைக்கு எனக்குச் சிரப் பாட்டில் வாங்கிக் குடுத்திருக்காங்க தெரியுமா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்தனை வருடமாகக் குடிக்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். எண்ணாதே என்பார். எண்ணினால் திமிர் வந்துவிடுமாம். அப்படிப்பட்டவர், கடைசியாக நாங்கள் சேர்ந்து நின்ற தைப்பூசத்தில், சிரப் ஊற்றுகிற பெண் மயங்கி உட்கார்ந்துவிட, தானே அந்த அகப்பையை எடுத்தார். நான் ஓடினேன்.

"அக்கா, குடுங்க, நான் ஊத்துறேன்."

"நீ ஐஸ் தூக்கு. இத்தன வருஷம் ஆச்சு, ஒரு சிரப்புக்கா பயப்படுவேன்?"

வெயில் இறங்கும்வரை ஊற்றினார். முழங்கைவரை சிவப்பு. அன்றைக்கு ஃபெரியில் வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையை மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்தேன். களைப்பில் முகத்தைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அக்கா வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். மகள் வீட்டுக்கு ஜொகூர் போயிருப்பார் என்றார் ஒருவர். முட்டி ஆப்பரேஷன் என்றார் இன்னொருவர். எல்லாம் வாய்க்கு வந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் சம்சுவை எந்தப் பாட்டிலில் வைத்தார் என்று தெரிந்த எங்களுக்கு, எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்பில் இருந்தார் என்று தெரியவில்லை. பாகான் டாலாமா, கெப்பாலா பத்தாஸா? பெயர் சொல்லி விசாரிக்கப் பெயர் இல்லை. ஒரு மனுஷிக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்துவிட்டு, எவ்வளவு தூரத்தில் நின்றிருக்கிறோம்! ஃபிளாஸ்க்கைக் கொஞ்ச நாள் நான் தூக்கினேன். பிறகு கீழே போய் நின்று, தே கலக்குகிறவர்களைத் தேட ஆரம்பித்தேன். ஒருவர் கண்ணில் படும்போதெல்லாம் பக்கத்தில் அக்கா நிற்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இந்த ஒன்றை மட்டும் சட்டத்தை மீறித்தான் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கூட்டம் பாதி நடக்கும்போது ஒரு பெண் படியேறி வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். இதுவரை பார்த்ததில்லை. நெஞ்சோடு சேர்த்து ஒரு பழுப்பு நிறக் கைப்பையைப் பிடித்திருந்தாள். எனக்கு அந்தப் பையின் கனம்கூடத் தெரியும்.

"இது யாரு பைம்மா?" என்று எழுந்துவிட்டேன்.

"தெரியலண்ணே. பட்டர்வொர்த்துல, ஏறலாமா வேணாமான்னு நின்னுக்கிட்டு இருந்தேன். ரெண்டு ஃபெரியப் போகவிட்டுட்டேன். ஒரு அம்மா வந்து, கை சும்மாதானே இருக்குன்னு கேட்டாங்க. இதப் பாத்திரக்கடைக்கு மேல கொண்டு போயி வையி, நான் பின்னாலயே வர்றேன்னாங்க."

நான் படியில் தடதடவென்று இறங்கித் தெருமுனைவரை ஓடினேன். பின்னால் யாரும் வரவில்லை. துறைவரை போய்ப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினேன். அந்தப் பெண் இன்னும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிம்மா இருந்தாங்க?"

"சிரப் வாசன வந்துச்சுண்ணே. அதுக்குள்ள வேற வாசனையும் வந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

மூத்த அண்ணன் ஒருவர், "பையில ஐசி கார்டு இருக்கும். பேரு, வீடு தெரிஞ்சா போயிப் பாக்கலாமே" என்றார். பேர் வேண்டாம் என்றுதானே இங்கே வந்தார், திறப்பது துரோகம் என்றார் இன்னொருவர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனுஷி மூழ்கிக்கொண்டிருக்கிறார், இங்கே சட்டம் பேசுகிறோம்! கடைசியில், அக்கா அந்தப் பெண்ணின் கையில்தானே கொடுத்தார், அவளே திறக்கட்டும் என்று முடிவானது. திறந்தாள். ஐசி கார்டு இல்லை, பர்ஸ் இல்லை, போன் இல்லை. வாராவாரம் எங்களுக்காக அவர் வாங்கி வருகிற கிரீம் கிராக்கர் பிஸ்கட் பொட்டலம் மட்டும் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. தன் சாமானை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் பையைக் கொடுத்தார், அதனால் வரமாட்டார் என்று தெரிந்தே கொடுத்தார் என்கிறார்கள் மற்றவர்கள். இருக்கலாம். ஆனால் பிஸ்கட் வாங்கியிருக்கிறாரே! வர வேண்டும் என்று கிளம்பித்தானே கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கியிருப்பார்? துறைவரை வந்துவிட்டார். அந்தக் கடலைத் தாண்டத்தான் முடியவில்லை. தன்னால் முடியாதபோதும், தயங்கி நின்ற ஒருத்தியை ஏற்றி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

பை இப்போது என்னிடம் இருக்கிறது. ஏற்கனவே பிடித்த கை என்று கொடுத்துவிட்டார்கள். பிய்ந்திருந்த காதை என் மனைவி தைத்துக் கொடுத்தாள். யார் பை என்று அவள் கேட்டதில்லை, அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை மதியமே கிளம்பி, பட்டர்வொர்த் துறையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஃபெரிக்குப் போகிற ஒவ்வொரு முகத்தையும் நேருக்கு நேர் பார்க்கிறேன். முகம் கொடுக்கக்கூடாது என்ற அந்த வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இப்போது எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் தாங்களாகவே வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். பொம்பளைப் பையோடு தடித்தடியாக ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போன மாதம் வேலையில் ஒரு தகராறு. மேனேஜர் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். பழைய சம்சுக்கடை வாசல்வரை போய்விட்டேன். தோளில், வேலைக்கும் கூடவே கொண்டுபோகிற அக்காவின் பை. பையை வைத்துக்கொண்டு எப்படி உள்ளே போவது? திரும்பி வந்து துறையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை.

அக்கா, பை பத்திரமாக இருக்கிறது. புதுப் பிஸ்கட் வாங்கிப் போட்டிருக்கிறேன். நீங்கள் எந்த வாசனையோடு வந்தாலும் சரி, படியில் உட்கார இடம் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லித்தானே எப்பவும் குடுப்பீங்க? வந்து வாங்கிக்குங்கக்கா. எவ்வளவு நேரந்தான் புடிச்சுக்கிட்டே இருக்கறது, கை வலிக்குதுக்கா.